கடைமடையில் ஒரு லினக்ஸ்

உங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள். பரண் மேலே, பீரோவுக்குப் பின்னால், மகள் காலேஜ் முடித்துப் போனபிறகு காலியாகிவிட்ட மேஜையில், எங்கேயாவது ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். தமிழக அரசு 2011-ல் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப் என்றால் கேட்கவே வேண்டாம். தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் காரணம் கிடைக்காது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குத் தரும் வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டும் என்றால் குறைந்தது 4 ஜிபி ரேம், டிபிஎம் என்கிற பாதுகாப்புச் சில்லு என்று ஜாதகப் பொருத்தமெல்லாம் பார்க்கிறார்கள். பழைய பெட்டிக்கு அந்த யோகம் கிடையாது. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் வந்து, "லினக்ஸ் போட்டுருங்க" என்பார். நல்ல யோசனை. காசு கிடையாது, திருட்டுக் காப்பி என்கிற உறுத்தலும் கிடையாது.

போட ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் போடட்டுமா, இல்லை அவசியமானது மட்டும் போதுமா?

அந்தத் தெரிந்தவர் யோசிக்கவே மாட்டார். "மினிமல் போடுங்க சார். அதுதான் வேகம்."

இந்த வாரம் நமக்கு வேலை அந்த ஒற்றை வரிப் பதிலோடுதான். பாதி தப்பான பதில் அது. மிச்சப் பாதி சரி, ஆனால் உங்களுக்குச் சரி அல்ல.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடுவோம். லினக்ஸ் என்பது கடையில் கிடைக்கும் ஒற்றைப் பொட்டலம் இல்லை. டெபியன் என்று ஒரு பெரிய குடும்பம். 2025 ஆகஸ்டில் வந்த அதன் 13-ஆம் பதிப்பில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் பொட்டலங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஒரு ஜிபிக்கும் குறைவான ஒரு சின்னக் கோப்பை இறக்கி, எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்திவிட்டு, மற்றதை வேண்டும்போது இணையத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். இது மினிமல். இல்லையென்றால் திரைச் சூழல், ஆபீஸ் தொகுப்பு, படம் பார்க்க, பாட்டுக் கேட்க, பிரிண்டர், ஸ்கேனர் என்று சகலமும் முதல் நாளே வந்து இறங்கிவிடும். இது ஃபுல்.

நான் படித்தது பி.காம். அதனால் இதைக் கணக்குப் புத்தகமாகத்தான் பார்க்க வருகிறது. ஒரு கடைக்கு இரண்டு விதமான செலவு உண்டு. குடோனில் கிடக்கும் சரக்கு ஒன்று. மாசம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஆள் இன்னொன்று. குடோனில் பத்து மூட்டை அரிசி கூடுதலாகக் கிடந்தால் இடம் அடைக்கும், அவ்வளவுதான். வேலை இல்லாத பத்துப் பேரைச் சம்பளத்தில் வைத்திருந்தால் கடை மூச்சுத் திணறும்.

கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்தான் குடோன். ரேம்தான் சம்பளப் பட்டியல். நீங்கள் திறக்காத லிப்ரே ஆபீஸ், தொடாத சீட்டு விளையாட்டு, எல்லாம் குடோனில் மூட்டையாகக் கிடப்பவை. அவை வேகத்தைக் கெடுப்பதில்லை. முதல் சுற்று விலையில்லா லேப்டாப்பில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். லினக்ஸை மொத்தமாகப் போட்டாலும் 20 ஜிபிக்குள் அடங்கிவிடும். மினிமல் போட்டு அரை ஜிபி மிச்சம் பிடித்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 320-ல் அரை என்றால் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு. இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

வேகத்தைக் கெடுப்பது வேறு. திரை முழுக்க அலங்காரம் செய்துகொண்டு நிற்கும் டெஸ்க்டாப் சூழல், பின்னணியில் ஓயாமல் ஓடும் சேவைகள், அப்புறம் நாம் திறந்து வைத்திருக்கும் பிரௌசர். க்னோம் என்ற சூழல் சும்மா உட்கார்ந்திருக்கவே ஒரு ஜிபிக்கு மேல் ரேம் கேட்கும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்றவை ஏறத்தாழ அதில் பாதியில் குடித்தனம் நடத்திவிடும். 2 ஜிபி ரேம் உள்ள பெட்டிக்கு அந்தத் தேர்வுதான் உயிர். க்னோமை வைத்துக்கொண்டு மினிமல் போட்டால், மேனேஜரை வைத்துக்கொண்டு மூட்டையை விற்ற கதை.

பாளையங்கோட்டையில் பழைய கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கும் நண்பர் ஒருவர் இதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "பரண்ல கெடக்குற அண்டாவுக்கும் அடுப்புல எரியுற கேஸுக்கும் வித்தியாசம் தெரியாமப் பேசுதாவ, அண்ணாச்சி."

சரி, மினிமல் கட்சிக்கு வக்கீல் யாரும் இல்லையா? இருக்கிறார்கள். நியாயமான வாதமும் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு. வீட்டுக்குக் கதவு அதிகமானால் திருடனுக்கு வழி அதிகம். 2024 செப்டம்பரில் லினக்ஸின் பிரிண்டர் ஏற்பாடான கப்ஸில் ஓட்டைகள் இருப்பது வெளியே வந்தது. பக்கத்தில் எங்கே பிரிண்டர் இருக்கிறது என்று தேடுவதற்காகக் காதைத் திறந்து வைத்திருக்கும் துணைச் சேவை ஒன்று அதில் உண்டு. அந்தக் காதில் வெளியாள் ஓதலாம் என்பதுதான் சங்கதி. பிரிண்டரே இல்லாத ஒரு சர்வரில் அந்தச் சேவைக்கு என்ன வேலை? அங்கே மினிமல் போட்டவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அதே வருடம் மார்ச் மாதக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் என்று ஒரு சின்னச் சுருக்கும் கருவி. கோப்புகளைக் குறுக்கி வைக்கும். அதற்குள் யாரோ திட்டம் போட்டு ஒரு ரகசியக் கதவை வைத்துவிட்டார்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேரும் முன்பே பிடித்துவிட்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, எக்ஸ்இசட் ஏறக்குறைய எல்லா மினிமல் லினக்ஸிலும் இருக்கிற சாமான். எத்தனைதான் குறைத்தாலும் அது மிஞ்சும். ஜன்னலை எல்லாம் அடைத்தவர் வீட்டில் வாசற்படியே உளுத்திருந்தால் என்ன செய்வது? மினிமல் ஒரு நல்ல பழக்கம். கவசம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து சாப்பாட்டுக்கு வருவோம். திருநெல்வேலி பற்றி எழுதிவிட்டு அல்வாவைச் சொல்லாமல் விட்டால் ஊருக்குள் விடமாட்டார்கள். ஆனால் நமக்கு இப்போது வேண்டியது சொதி. தேங்காய்ப் பாலில் செய்கிற சொதிக்குத் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இது நெல்லைப் பந்தியின் சட்டம். துவையல் இல்லாமலும் சொதியைச் சாப்பிடலாம், யாரும் பிடித்து உள்ளே வைக்கப் போவதில்லை. ராத்திரி வயிறு மந்தமாகிப் புரளும்போதுதான் பெரியவர்கள் ஏன் வைத்தார்கள் என்று தெரியும்.

டெபியனில் ஒவ்வொரு பொட்டலத்தோடும் மூன்று பட்டியல்கள் ஒட்டியிருக்கும். இது இல்லாமல் ஓடவே ஓடாது என்பவை முதல் பட்டியல். அசாதாரணமான ஆள் தவிர எல்லோரும் சேர்த்தே வைத்துக்கொள்வார்கள் என்பவை இரண்டாவது. இருந்தால் நல்லது என்பவை மூன்றாவது. சோறு, துவையல், அப்பளம். 2009 பதிப்பிலிருந்து இரண்டாவது பட்டியலும் தானாகவே இறங்கிவிடும்படி டெபியன் வைத்திருக்கிறது. மினிமல் பிரியர்கள் முதலில் செய்யும் காரியம், நோ இன்ஸ்டால் ரெகமண்ட்ஸ் என்று ஒரு கட்டளை கொடுத்து அந்தத் துவையலை நிறுத்துவதுதான். எதை எடுத்தோம் என்று தெரிந்து செய்பவர்கள் செய்யட்டும். தெரியாதவர் வீட்டில் ஒரு நாள் சத்தம் வராது, ஒரு நாள் பென்டிரைவ் திறக்காது. லினக்ஸே இப்படித்தான் என்று திரும்பவும் துண்டைப் போர்த்திவிடுவார். குற்றம் துவையலை எடுத்தவர் மேல். பழி சொதி மேல்.

இப்போது என் முக்கியமான புகார். உபுண்டு என்பது லினக்ஸ் உலகில் பிரபலமான பேர். 2018 ஏப்ரலில் வந்த பதிப்பில்தான் அதன் நிறுவல் திரையில் மினிமல் என்ற வசதியைச் சேர்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அது முதலில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அப்புறம் ஏறக்குறைய 80 பொட்டலங்களை அழிக்கும். இலை நிறையப் பரிமாறிவிட்டு வழித்தெடுக்கிற மாதிரி. போகட்டும். அன்றைய திரையில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று நார்மல், இன்னொன்று மினிமல். அதாவது எல்லாம் இருப்பது இயல்பு, குறைவாக இருப்பது விதிவிலக்கு.

2023 அக்டோபர் பதிப்பில் இதைத் தலைகீழாக்கினார்கள். குறைவானதே தானாக வரும் தேர்வு ஆனது. 2024 ஏப்ரல் பதிப்பில் திரையில் இருக்கும் சொற்கள் டீஃபால்ட், எக்ஸ்டெண்டட். பிரௌசரும் சில்லறைக் கருவிகளும் மட்டும் இருந்தால் இயல்பு. கடிதம் தட்டச்சு செய்ய, கணக்குப் போட ஆபீஸ் தொகுப்பு வேண்டுமென்றால் அது நீட்டிப்பு. பார்த்தீர்களா, ஒரு வார்த்தை மாறியதும் நேற்றுவரை இயல்பாக இருந்தவர் இன்றைக்கு ஆசைக்காரர் ஆகிவிட்டார்! இதற்கு அவர்கள் பக்கம் காரணம் இல்லாமல் இல்லை. எது வேண்டுமானாலும் கடையிலிருந்து ஒரு சொடுக்கில் வந்துவிடுகிறதே, எதற்கு முன்கூட்டியே திணிக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு சொடுக்கில் வந்துவிடுமா? யாருக்கு?

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் தாமிரபரணிக் கரைக்கு வரவேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற இந்த ஆற்றின் நீளம் 130 கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மேலே தொடங்கி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று கீழே முடியும். மேலே அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயிக்கு வாய்க்கால் வாசலிலேயே ஓடுகிறது. மடையைத் திறந்தால் தண்ணீர். அவர் வீட்டில் தொட்டி கட்டி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கீழே ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிய கடைமடைக்காரர் கதை வேறு. மேலே எல்லோரும் எடுத்தது போக மிச்சம்தான் அவருக்கு. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று அவர் கையில் இல்லை. அதனால்தான் கீழ்ப்பகுதியில் கால்வாயை ஒட்டி வரிசையாகக் குளங்களை வைத்தார்கள் முன்னோர். தென்திருப்பேரை பக்கத்துக் கடம்பாகுளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குளமா கடலா என்று சந்தேகம் வரும். தண்ணீர் வரும்போது பிடித்து வை, வராதபோது எடுத்துக்கொள். அதைப் பார்த்து, "எதற்கு இவ்வளவு தண்ணீரைச் சும்மா தேக்கி வைக்கிறீர்கள், மடையைத் திறந்தால் வந்துவிடுமே" என்று மேல்மடைக்காரர் கேட்டால் அது அறிவுரை ஆகாது. அவருடைய வாய்க்காலைப் பற்றிய பெருமை, அவ்வளவுதான்.

மினிமல் என்பது மேல்மடை ஏற்பாடு. வாசலில் ஃபைபர் ஓடுகிறவருக்கு வேண்டியது வேண்டிய நேரத்தில் வரும். காரையாருக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் ஊருக்கு, தேரிக்காட்டு ஓரத்துப் பள்ளிக்கூடத்துக்கு, செல்போனின் தினசரி டேட்டாவைப் பிள்ளைகளோடு பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டுக்கு, ஒரு ஆபீஸ் தொகுப்பை இறக்குவது ஒரு நாள் வேலை. அவர்களுக்கு முதல் நாளே நிரம்பிய குளம் வேண்டும். ஃபுல் என்பது பேராசை இல்லை. அது கடைமடைக்காரரின் முன்ஜாக்கிரதை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்களில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. அந்த மாதிரி ஒரு வாரத்தில் ஜெனரேட்டர் வைத்து ஒரு கம்ப்யூட்டரைக் கிளப்புகிறீர்கள். நிவாரணப் பட்டியல் போட வேண்டும், பிரிண்ட் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பதுதான் உண்டு. அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்ற வாக்கியத்தில் அப்புறம் என்ற சொல் எவ்வளவு விலை உயர்ந்தது என்று அன்றைக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், இது தமிழில் படிக்கும் நமக்கானது. எது அவசியம், எது கூடுதல் என்று யார் முடிவு செய்கிறார்கள்? லினக்ஸை உச்சபட்சமாகக் குறைத்தால் மிஞ்சுவது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். அந்த எழுத்துத் திரையில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்கள்தான் வைக்க முடியும். கொம்பும் காலும் சேர்ந்து உருமாறும் தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்ட அதற்குத் தெரியாது. டெபியன் நிறுவலைத் தமிழிலேயே செய்யலாம், நம்மவர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் படத்திரை முறையில் மட்டும். எழுத்துத் திரை முறையில் மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழ் இருக்காது. ஆங்கிலம் மட்டும் போதும் என்பவருக்கு அந்தக் கறுப்புத் திரை எளிமை. தமிழ் வேண்டும் என்பவருக்கு அது பூட்டிய கதவு. தமிழ் எழுத்துருவும், தமிழ் 99 விசைப்பலகையும், எழுத்தைக் கோக்கிற நிரலும் நமக்குத் துவையல்கூட இல்லை, சோறு. அதைக் கூடுதல் என்ற பெட்டியில் வைப்பவருக்கு நம்மைத் தெரியாது என்று அர்த்தம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் திணித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. அதற்கு நாமே சாட்சி. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் பாஸ் என்ற லினக்ஸை வெளியிட்டது. டெபியனை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளைச் சேர்த்துச் செய்த ஃபுல் சாப்பாடு அது. 2011 லேப்டாப்பில் விண்டோஸோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தால் இரண்டு கதவு. ஆனால் இரண்டாவது கதவுக்குள் என்ன இருக்கிறது என்று கைப்பிடித்துக் காட்ட வகுப்பறையில் ஏற்பாடு இல்லை. பிள்ளைகள் தெரிந்த கதவு வழியாகவே போனார்கள்.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் காட்சி மாறுகிறது. கேரளத்தில் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு லினக்ஸைத் தொகுத்தார்கள். வகுப்புக்கு வேண்டிய ஜியோஜீப்ரா போன்ற மென்பொருட்களை முதலிலேயே அதில் போட்டார்கள். அதை வைத்தே பாடப்புத்தகம் எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2019-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் அது ஓடுவதாகவும், 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. தொகையைப் பற்றி ஆடிட்டர்கள் சண்டை போடட்டும். நான் பார்ப்பது வேறு. அங்கேயும் ஃபுல், இங்கேயும் ஃபுல். அங்கே மட்டும் குளத்துக்குக் கரை காவலும் மடை பார்க்க ஆளும் இருந்தது.

ஆக, திரையில் அந்தக் கேள்வி வரும்போது நீங்கள் உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என் வாசலில் வாய்க்கால் எப்போதும் ஓடுகிறதா? எது இல்லை என்று கண்டுபிடித்துச் சேர்க்க எனக்குத் தெரியுமா, அல்லது கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் இருக்கிறாரா? இந்தப் பெட்டி ஒரே ஒரு வேலைக்கா, வீட்டில் நாலு பேரின் நாற்பது வேலைக்கா?

ஆபீஸில் ஒரே வேலைக்காக ஓடும் சர்வரா? மினிமல் போடுங்கள், மறு யோசனை வேண்டாம். வீட்டுக்கோ, பள்ளிக்கோ, ஊர் நூலகத்துக்கோ என்றால் ஃபுல் போடுங்கள். கூடவே இரண்டு காரியம். டெஸ்க்டாப் சூழலை மட்டும் இலேசானதாகத் தேர்ந்தெடுங்கள். போட்டு முடித்தபின், பிரிண்டர் இல்லாத வீட்டில் பிரிண்டர் சேவை மாதிரி, வேலை இல்லாமல் சம்பளம் வாங்கும் சேவைகளை நிறுத்துங்கள். ஃபுல் போட்டால் மாதாமாதம் அப்டேட்டும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். சரக்கு வைத்திருப்பதற்கான வாடகை அது. நெட் நன்றாகக் கிடைக்கும் ஒரு நாளில் மொத்தமாக முடித்துவிடுங்கள். குளத்தை நிரப்புவதும் அப்படித்தானே?

அப்புறம் அந்தத் தெரிந்தவரிடம் கோபப்பட வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வயலுக்குச் சரியானதைத்தான் சொன்னார். அடுத்த முறை யாராவது "மினிமல் போதும்" என்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "உங்க வயல் எந்த மடையில சார் இருக்கு?"